சாகப்போகிற அப்பா ஜோக் அடித்தால் சிரிக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இது. அப்பாவுக்கு 69 வயது. நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி கீமோ வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அப்பா தன் சாவை வைத்தே தினமும் ஏதாவது ஜோக் அடிக்கிறார். போன வாரம், "கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல என் ஆதார் கார்டு போட்டோவப் போட்டீங்கன்னா எந்திரிச்சு வந்துருவேன்" என்றிருக்கிறார். உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா பயத்தை மறைக்கத்தான் இப்படிப் பேசுகிறாரா, தடுக்க வேண்டுமா, கூடச் சேர்ந்து சிரிக்கலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இத்தனை கேள்விக்கும் அடியில் 'அன்றைக்கு நான் சிரித்தேனே, அது தப்பா?' என்ற ஒரு கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பே இல்லை. அப்பா சிரிக்க வைக்கத்தான் சொன்னார், நீங்கள் சிரித்தீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியதைக் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை, செவிலியர். ஆறு வருடம் பொது வார்டில் இருந்துவிட்டு, கோழிக்கோட்டில் ஆறு வாரப் பயிற்சி எடுத்து, பதினாறு வருடமாகத் தென்மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் நோய்த்தணிப்பு வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரி வழக்கில் சொன்னால் பாலியேட்டிவ். குணமாக்க முடியாத நோயில் வலி, மூச்சுத்திணறல், புண், மலச்சிக்கல், பயம் இவற்றைக் குறைக்கிற வேலை. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் தொடங்கிய மருத்துவமனையிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. நம் பக்கத்தில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து ஆரம்பித்த வேலை எங்களைப் போன்றவர்களுக்கு வழி போட்டது. சாண்டர்ஸ் 'முழு வலி' என்று ஒன்றைச் சொன்னார். சாகப்போகிறவருடைய வலியில் உடம்பு வலி, மனக்கவலை, குடும்பத்தைப் பற்றிய பாரம், 'எனக்கு ஏன் இது' என்கிற தவிப்பு எல்லாம் பின்னிக் கிடக்கும், ஒன்றை விட்டு ஒன்றைப் பார்க்க முடியாது என்றார். ஜோக்கையும் நான் அப்படித்தான் பார்க்கப் பழகியிருக்கிறேன். நான் போன வீடுகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அப்பாவைப் பார்த்ததில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கீழே வருகிறவர்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சாவு வீட்டில் சிரிப்பது நமக்குப் புதிதில்லை. பேரன் பேத்தி எடுத்து, வயது நிறைந்து போகிறவரின் சாவைக் கல்யாணச் சாவு என்கிறோம். கொட்டு, வெடி, ஆட்டம் எல்லாம் உண்டு. சில ஊர்களில் ராஜா ராணி ஆட்டக்காரர்களை அழைத்துவந்து விடிய விடிய ஆடவைப்பார்கள். மாமன் மச்சான், கொழுந்தியா என்று கேலி பேசும் முறையில் இருப்பவர்கள் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒருவரையொருவர் வாருவார்கள். ஒப்பாரியில் செத்தவரைப் புகழ்ந்துகொண்டே வரும் கிழவி, நடுவில் கஞ்சி ஊற்றாத மருமகளைக் குத்தி ஒரு வரி வைப்பாள். சுற்றி இருக்கும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். இளவயதுச் சாவில் இது எதுவும் கிடையாது, அங்கே கனத்த அமைதிதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உயிர் போன பிறகு இவ்வளவு கேலிக்கு இடம் கொடுக்கிற நாம், உயிர் இருக்கும்போது அந்தப் பேச்சை எடுத்தாலே "வாயில நல்ல வார்த்தை வரட்டும்" என்று அடக்கிவிடுகிறோம். ஒரு மனிதரின் சாவை வைத்து ஊரே சிரிக்கலாம், அவர் மட்டும் சிரிக்கக் கூடாது என்றாகிவிடுகிறது. உங்கள் அப்பா அதை ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். எலும்பு வரை பரவிய புராஸ்டேட் புற்றுநோயோடு படுத்திருந்த ஒரு பெரியவர், நெற்றிக்காசைப் பற்றிப் பேசினார். "நெத்தியில ஒத்த ரூபாய ஒட்டி அனுப்பிறாதீங்கடா. இங்கயே டீ பன்னெண்டு ரூபா, அங்க என்ன விலையோ" என்றார். இரண்டு மகன்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கைகள் மெலிந்து போர்வைக்கு மேல் கிடந்தன, முகத்தில் மட்டும் பழைய கடைக்காரக் களை வந்து போனது. ஜோக் சொன்ன அந்த அரை நிமிஷம் அவர் நோயாளியாக இல்லை. படுக்கையில் கிடப்பவருக்கு எல்லாமே மற்றவர்கள் செய்கிறார்கள். குளிப்பாட்டுகிறார்கள், மூத்திரப் பையை மாற்றுகிறார்கள், எப்போது சாப்பிட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அவர் மற்றவர்களுக்குக் கொடுக்கக்கூடியது என்று மிச்சம் இருப்பது பேச்சு ஒன்றுதான். அதை வைத்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துவிட்டால் அன்றைக்கு அவர் வீட்டுக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி.

'பயத்தை மறைக்கிறாரா' என்று கேட்டீர்கள். இருக்கலாம். பயமும் கேலியும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்கும், ஒன்று பொய் மற்றது நிஜம் என்று பிரிக்க வேண்டியதில்லை. மறைக்கிறாரா என்று துருவுவதைவிட, ஜோக்குக்குள் என்ன வைத்துக் கொடுக்கிறார் என்று கேட்பது உபயோகமாக இருக்கும். பல ஜோக்குகளுக்குள் ஒரு மனு மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஓட்டு வீட்டில் படுத்திருந்த ஓர் ஆச்சி நினைவுக்கு வருகிறார். சித்திரை மாத வெயில். ஐஸ் பெட்டிக்கு யாரிடம் சொல்வது என்று மகன் வெளியே மெதுவாகப் போனில் பேசியது அவர் காதில் விழுந்துவிட்டது. என்னைப் பார்த்து, "உசுரோட இருக்கும்போது ஒரு ஏசி வாங்கித் தரல. செத்தப்பறம் ஐஸ் பெட்டி வருதாம், கேட்டியா" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்து நான் அவர் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். ரப்பர் ஷீட்டில் படுத்து வியர்த்து, தோல் ஊறிப்போய், இடுப்புக்குக் கீழே சிவக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் படுக்கைப்புண் ஆகியிருக்கும். அன்று சாயங்காலமே மகன் ஏர்கூலர் வாங்கி வந்தார், ரப்பர் ஷீட்டுக்கு மேல் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டோம். வெக்கை தாங்கவில்லை என்று அவர் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. கஷ்டத்தைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பாரம் என்று நினைக்கிற தலைமுறை அது. கேலியாகச் சொன்னால் கேட்ட மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும்.

இன்னொருவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயிற்றில் புற்றுநோய். நான் ஊசி போட்டு முடித்ததும் "ரைட், போலாம்" என்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "நமக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப்பிங்தான். எறங்குறவங்களுக்கு வழி விடுங்க" என்பார். வந்தவர்கள் சிரித்துவிட்டு, உடனே பேச்சை மாற்றி, காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவே மாட்டார். ஒருநாள் அதே ஜோக்கை அவர் திரும்பச் சொன்னபோது வீட்டில் நான், மனைவி, மகன்கள் மட்டும். எல்லோரும் சிரித்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை. பத்துப் பதினைந்து நொடி யாரும் ஒன்றும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம் அவர் பெரிய மகனைப் பார்த்து, குரலை மாற்றாமல், "நான் போனப்பறம் அவ பொட்டையும் வளையலையும் யாரும் தொடக் கூடாது. எங்க அக்கா வந்து சொன்னாலும் கேட்காத. நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுகை முடிந்ததும், நான் அந்த வீட்டில் பார்த்த அத்தனை நாளில் முதல் தடவையாக, கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் போய் ஒரு மாதம் கழித்து, வழக்கம்போல் வீட்டாரைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்த அம்மா நெற்றியில் பொட்டு இருந்தது.

நான் கற்றுக்கொண்டதில் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இந்த ஒன்றுதான்: சிரித்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள், உட்கார்ந்திருங்கள். ஜோக் முடிந்து சிரிப்பு அடங்கியதும் ஒரு சின்ன அமைதி வரும். நமக்கு அது சங்கடமாக இருக்கும். உடனே மாத்திரை போட்டீர்களா, பால் வேண்டுமா என்று எதையாவது இழுத்துவிட்டு அதை மூடிவிடுவோம். மூடாதீர்கள். அவர் சொல்ல வந்தது பெரும்பாலும் அந்த அமைதிக்கு அப்புறம்தான் வரும். வராமலும் போகலாம், எல்லா ஜோக்குக்குள்ளும் ரகசியம் இருக்காது. ஒன்றும் வரவில்லை என்றால் சிரித்த மட்டில் லாபம், தோண்ட வேண்டாம்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் மனம் நிற்கிறது. அப்பா சொல்கிற ஜோக் உங்கள் காதில் ஒன்றாகவும் அம்மா காதில் வேறாகவும் விழுகிறது. உங்களுக்கு அது அப்பாவின் சாவு. அம்மாவுக்கு அது தன் தாலி, பொட்டு, இனி எந்த விசேஷ வீட்டில் எங்கே நிற்பது என்ற கேள்வி, ராத்திரி யார் துணை என்ற பயம். அதோடு, வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று நம்பி வளர்ந்தவர் அவர். அவரைப் பிடித்து 'நீயும் சிரி' என்று சொல்லாதீர்கள். அப்பாவையும் வாயை மூடச் சொல்ல வேண்டாம். அம்மா இல்லாத நேரத்தில் அப்பாவிடம், "நீங்க சொல்றது எனக்குச் சிரிப்பா இருக்குப்பா, அம்மாவுக்கு வேற மாதிரி கேக்குது. அம்மாகிட்ட என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அம்மாவோடு அடுப்படியில் போய் நில்லுங்கள். அழட்டும், சும்மா கூட நின்றால் போதும். தொல்காப்பியத்தில் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகளை, அடுக்கும்போது நகையை (சிரிப்பை) முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்திருக்கிறது. ஒரே வீட்டில் கூடத்தில் ஒன்றும் அடுப்படியில் ஒன்றும் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வரும்.

ஜோக்கை யார் ஆரம்பிக்கிறார்கள் என்பதும் முக்கியம். நோயாளி ஆரம்பிக்கலாம், நாம் தொடரலாம். நாம் ஆரம்பிப்பது பெரும்பாலும் சரியாக வராது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது "இடுக்கண் வருங்கால் நகுக" என்று சொல்லிவிட்டுப் போவார். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் குறள் துன்பம் வந்தவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது, நன்றாக நடமாடுகிறவன் படுத்திருப்பவனுக்குப் போடுகிற உத்தரவாக ஆகக் கூடாது. சிரிக்க முடியாத நாளில் அதைக் கேட்கிறவருக்கு, நோயோடு சேர்த்து இதிலும் தோற்றுவிட்டோம் என்ற எண்ணம்தான் மிஞ்சும். அவருடைய உடம்பையும் நாற்றத்தையும் மறதியையும் வைத்துக் கேலி செய்வது, அன்பாகச் செய்தாலும் வேண்டாம். அவர் தன்னைத் தானே கேலி செய்துகொள்வது அவர் உரிமை.

சிரித்தால் நோய் குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். புற்றுநோயைச் சிரிப்பு குணப்படுத்தாது, இதில் எனக்குச் சந்தேகமில்லை. சிரித்தால் வலி தெரியாது என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்பது தெளிவில்லை. நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், மூட்டுகளை முடக்கிய நோயில் கிடந்தபோது சிரிப்புப் படங்கள் பார்த்தாராம். பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1979இல் புத்தகம் எழுதினார். அது ஒரு மனிதரின் அனுபவம், அவ்வளவுதான். 2011இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ராபின் டன்பாரும் மற்றவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்துச் சிரித்தவர்களால், அதற்கு முன்பு தாங்கியதைவிட அதிக வலியைத் தாங்க முடிந்தது. தனியாகச் சிரிப்பதைவிடக் கூட்டமாகச் சிரிக்கும்போது சிரிப்பும் அதிகம். ஆனால் அவர்கள் ஆரோக்கியமான ஆட்கள், வலியும் கையில் குளிர்ந்த உறையைச் சுற்றி உண்டாக்கியது. எலும்பில் பரவிய புற்றுநோய் வலிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

இதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஜோக் அடிக்கிறார், அதனால் வலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஏமாந்திருக்கிறேன். தினமும் கேள்வியாகவே கேளுங்கள்: பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது, இப்போது எவ்வளவு? நாலுக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்தால் மருந்தை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். தேவைப்பட்டால் கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை தருவார்கள். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தால் அது பல காலம் எளிதில் கிடைக்காமல் இருந்தது, 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகு வழி கொஞ்சம் எளிதானது. டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது சாவைச் சீக்கிரம் கொண்டுவராது, பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்கு மட்டும் கூடவே மருந்து கேட்டு வாங்குங்கள். நுரையீரல் நோய் என்பதால் பலமாகச் சிரித்தால் இருமல் தொடர்ந்து வந்து மூச்சு முட்டலாம். அப்போது அவரை உட்கார வைத்து, மடியில் தலையணை வைத்து முன்பக்கம் சாய்த்து, டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வையுங்கள். முகத்தில் காற்றுப் படும்போது மூச்சுத்திணறல் குறைவது நன்றாகத் தெரியும். நடுவில் சிரிப்பை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை.

சில நேரம் சிரிக்கக் கூடாது. "நான் போனா உங்களுக்குச் செலவு மிச்சம்", "எல்லா மாத்திரையையும் ஒண்ணாப் போட்டுக்கிட்டா வேலை முடிஞ்சது" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதை ஜோக்காக எடுக்காதீர்கள். "நிஜமாவே அப்படித் தோணுதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் பேசலாம். இன்னொன்று, அப்பா முன்பிலிருந்தே கேலிக்காரரா என்பது. அப்படியென்றால் இது அவர்தான், நோய் இல்லை. ஆயுசு முழுக்க வாய் திறக்காதவர் திடீரென்று ஓயாமல் கேலி பேசுகிறார், சம்பந்தமில்லாமல் சிரிக்கிறார், ராத்திரி முழுக்க விழித்துப் பகலில் தூங்குகிறார், ஆள் அடையாளம் தடுமாறுகிறது என்றால் அது வேறு. நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவுவது உண்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறலாம், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தாலும் இப்படி ஆகலாம். இதை வீட்டிலிருந்தபடி முடிவு செய்ய முடியாது, டாக்டர் பார்க்க வேண்டும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்பும் சேர்ந்திருக்கிறது, செவிலியர் வீட்டுக்கே வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

அப்புறம் அந்த ஆதார் போட்டோ. அதையும் நான் ஒரு மனுவாகத்தான் படிக்கிறேன். தான் எப்படி நினைவில் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. இந்த வாரமே எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் முகம் மெலிந்துகொண்டே போகும். காலை மருந்து போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் மூச்சு கொஞ்சம் சீராக இருக்கும். முதல் நாளே சவரம் செய்து விடுங்கள். திண்ணையிலோ ஜன்னல் பக்கமோ, வெளிச்சம் இருக்கிற இடத்தில் நாற்காலி போடுங்கள். எந்தச் சட்டை என்று அவரையே கேளுங்கள். அவர் தனியாக ஒன்று எடுத்துக்கொண்ட பிறகு, அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து இன்னொன்று எடுங்கள். அது போஸ்டருக்கு இல்லை என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.